பன்னிரண்டு பேர் எப்படி வந்தார்கள்?

லான்செட் மருத்துவ இதழின் 351ஆம் தொகுதியில் 637ஆம் பக்கத்தில் தொடங்கி 641ஆம் பக்கத்தில் முடிந்துவிடுகிற கட்டுரை அது. மொத்தம் ஐந்தே பக்கம். இன்று இணையத்தில் எடுத்துப் பார்த்தால் பக்கத்துக்குக் குறுக்கே பெரிய சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கும். அந்தச் சிவப்பெழுத்து விழ 12 ஆண்டுகள் ஆயின. அதற்குள் கட்டுரை சொன்ன சேதி லண்டனைத் தாண்டி, கடல் தாண்டி, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசி போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்ற ஒற்றை வரியாகச் சுருங்கி ஊரெல்லாம் போய்விட்டது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் 'ஒரு மோசடி டாக்டர், ஏமாந்த பெற்றோர்' என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பெற்றோர் ஒன்றும் விவரம் கெட்டவர்கள் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான். சிக்கல் வேறொரு கேள்வியில் இருக்கிறது. கட்டுரையில் இருந்த 12 குழந்தைகளும் அந்த மருத்துவமனைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்?

1998 பிப்ரவரி

பிப்ரவரி 26, வியாழக்கிழமை. லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் உள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பத்திரிகையாளர் சந்திப்பு. தொலைக்காட்சிகளுக்குக் கொடுக்க வீடியோவே தயாராக இருந்தது. பன்னிரண்டு பேரைப் பற்றிய ஆய்வுக்கு இவ்வளவு தடபுடல் வழக்கமில்லை.

ஆய்வுக்குத் தலைமை ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட். அறுவை சிகிச்சை பயின்று, குடல் நோய் ஆராய்ச்சிக்கு வந்தவர். தட்டம்மைக் கிருமிக்கும் குடல் அழற்சிக்கும் முடிச்சுப் போடும் கட்டுரைகளை அதற்கு முன்பே எழுதியிருந்தார். புதிய கட்டுரையில் அவரோடு சேர்த்து 13 பேர் கையெழுத்து. குழந்தைகள் 3 வயது முதல் 10 வயது வரை. 11 பையன்கள், ஒரு பெண். நன்றாக வளர்ந்துகொண்டிருந்தவர்கள் கற்ற பேச்சையும் பழக்கத்தையும் இழந்தார்கள், குடலிலும் அழற்சி இருக்கிறது என்பது கட்டுரையின் சாரம். 12இல் 8 பேருக்கு, எம்.எம்.ஆர். போட்டதை ஒட்டி இது தொடங்கியதாகப் பெற்றோரோ குடும்ப மருத்துவரோ சொன்னார்கள். ஊசிக்கும் முதல் அறிகுறிக்கும் இடையே சராசரி 6.3 நாள்.

தடுப்பூசிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக நிரூபிக்கவில்லை என்று கட்டுரையே ஒரு வரி எழுதியிருந்தது. ஆனால் மேடையில் வேக்ஃபீல்ட் சொன்னது வேறு: பிரச்சினை தீரும்வரை மூன்றையும் சேர்த்துப் போடும் ஊசியைத் தன்னால் ஆதரிக்க முடியாது, தனித்தனியாகப் போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரி முதல்வர் ஏரி ஜுக்கர்மன், தடுப்பூசியை நிறுத்தினால் குழந்தைகள் சாவார்கள் என்ற பக்கம் நின்றார். மறுநாள் எது தலைப்பாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே லான்செட் இதழில், அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தைச் சேர்ந்த இருவர், இது காரணமா தற்செயலா என்று கேட்டு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு எழுதியிருந்தார்கள். அதை யார் படித்தார்கள்?

பற்றிக்கொள்ள வைக்கோல் இருந்தது

பிரிட்டன் பெற்றோர் இதை நம்பியதற்குக் காரணம் இருந்தது. 1990இல் மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று காட்ட, வேளாண் அமைச்சர் கேமராக்கள் முன்னால் தன் நாலு வயது மகளுக்கு பர்கர் ஊட்டப் பார்த்தார். 1996இல் அதே அரசு, பித்துப் பிடித்த மாட்டு நோய் மனிதருக்கும் வந்திருக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இரண்டே வருடம் கழித்து அதே அரசுத் துறைகள் 'ஊசி பாதுகாப்பானது' என்றால் ஜனங்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

எம்.எம்.ஆர். ஊசிக்கே ஒரு பழைய வடு உண்டு. 1988இல் பிரிட்டனில் அறிமுகமானபோது, சில தயாரிப்புகளில் பொன்னுக்கு வீங்கி கிருமியின் உராபே வகை இருந்தது. அபூர்வமாக மூளை உறைக் காய்ச்சல் வருகிறது என்று தெரிந்து 1992 செப்டம்பரில் அந்தத் தயாரிப்புகளை நிறுத்தினார்கள். ஊசியால் உண்மையிலேயே பக்கவிளைவு வந்தது, கண்டுபிடித்தார்கள், எடுத்தார்கள். கண்காணிப்பு வேலை செய்ததற்கு இது சாட்சி. ஆனால் ஒரு தாயின் காதில் அது எப்படி விழும்? 'முதலில் பாதுகாப்பானது என்றுதானே சொன்னீர்கள்?'

2001 கடைசியில் இன்னொரு கூத்து. பிரதமர் டோனி பிளேர் தன் கைக்குழந்தைக்கு எம்.எம்.ஆர். போட்டாரா என்று கேட்டார்கள். அது குடும்ப விஷயம் என்று சொல்ல மறுத்துவிட்டார். அந்த மௌனம் நூறு அரசு விளம்பரங்களைக் காலி செய்தது.

தேதி போட்டு எழுதிய ஒரே சம்பவம்

இங்கே கொஞ்சம் வீட்டுக் கதை. என் சித்தி மகளின் மூத்த பையனுக்கு ஆட்டிசம். இளையவளுக்கு ஒன்பது மாதம் முடிந்தபோது, தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடலாமா வேண்டாமா என்று கேட்டு போன் செய்தாள்.

"அண்ணா, பெரியவன் ஒரு வயசுல 'அத்த'ன்னு கூப்பிட்டான். ஒன்றரை வயசுல அதுவும் போச்சு. நடுவுல நடந்தது அந்த ஊசி ஒண்ணுதான்."

நடுவில் எவ்வளவோ நடந்திருக்கும். பல் முளைத்தது, நடந்தான், தாய்ப்பால் மறந்தான், வீடு மாறினார்கள். இதில் எதற்கும் அவளிடம் தேதி இல்லை. ஊசிக்கு மட்டும் தாய்-சேய் நல அட்டையில் தேதி இருக்கிறது, நர்சம்மாவின் கையெழுத்தோடு. பின்னாளில் ஒரு தாய் உட்கார்ந்து 'எப்போது மாறினான்' என்று யோசிக்கும்போது, மனசு போய்ச் சாய்வதற்கு இருக்கும் ஒரே சுவர் அந்தத் தேதிதான்.

அந்தத் தேதி விழுகிற வயதையும் பார்க்க வேண்டும். அன்று பிரிட்டனில் எம்.எம்.ஆர். முதல் தவணை 12 முதல் 15 மாதத்துக்குள். நம்மூரில் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை 9 முதல் 12 மாதத்தில், இரண்டாவது 16 முதல் 24 மாதத்தில். பேர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, விரல் நீட்டிக் காட்டுவது, இரண்டு சொல் சேர்த்துப் பேசுவது எல்லாம் வந்ததா வரவில்லையா என்று வெளியே தெரிகிற வயதும் அதேதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். இங்கே நிலைமை இன்னும் மோசம்: பழம் பழுக்கிற பருவத்தில்தான் காக்கையே வரும்.

ஒரு மனக்கணக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தக் காலத்தில் வருடத்துக்கு 6 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தார்கள். நூற்றில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொள்வோம்: 6,000 பேர். பெற்றோர் முதன்முதலில் கவனிக்கும் நாள், இரண்டாம் வயதின் 52 வாரங்களில் எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஊசி போட்ட அதே வாரத்தில் 'என்னவோ மாறிவிட்டது' என்று கவனிக்கப்படும் குழந்தைகள், ஊசிக்கு எந்தத் தொடர்பும் இல்லாமலே, வருடத்துக்குச் சுமார் 115 பேர் இருப்பார்கள். நூற்றுப் பதினைந்து குடும்பங்கள், அத்தனை பேரும் உண்மையே பேசுவார்கள்! அவர்களில் பன்னிரண்டு பேரைக் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? ஓர் அழைப்பு போதும்.

பிறந்தநாள் வீடியோக்களையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் ஆஸ்டர்லிங், டாசன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பின்னாளில் ஆட்டிசம் உறுதியான 11 குழந்தைகளின் முதல் பிறந்தநாள் வீடியோக்களையும், மற்ற 11 குழந்தைகளின் வீடியோக்களையும் போட்டுப் பார்த்தார்கள். கேக், பலூன், சுற்றிலும் உறவுக்காரர்கள். யார் முகத்தைப் பார்க்கிறது, பேர் சொன்னால் திரும்புகிறது, விரல் நீட்டுகிறது என்று எண்ணினார்கள். வித்தியாசம் அந்த முதல் பிறந்தநாளிலேயே பெரும்பாலும் தெரிந்தது. அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்காததில் தப்பும் இல்லை.

வக்கீல் வழியாக வந்தவர்கள்

லான்செட் கட்டுரை அந்த 12 பேரையும் 'அடுத்தடுத்து அனுப்பப்பட்ட' குழந்தைகள் என்று வர்ணித்தது. மருத்துவக் கட்டுரைகளில் இந்தச் சொல்லுக்கு எடை அதிகம். வாசலில் வந்தவர்களை வந்த வரிசையில் எடுத்துக்கொண்டோம், பொறுக்கி எடுக்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

சண்டே டைம்ஸ் நிருபர் பிரையன் டீர் துருவிப் பார்த்தது இந்தச் சொல்லைத்தான். 2004 பிப்ரவரி 22 அன்று அவருடைய முதல் செய்தி வந்தது. ரிச்சர்ட் பார் என்ற வழக்கறிஞர், எம்.எம்.ஆர். தயாரித்த நிறுவனங்கள் மீது வழக்குப் போட ஆதாரம் தேடிக்கொண்டிருந்தார். கட்டுரை வெளியாவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1996 பிப்ரவரியில், அவர் வேக்ஃபீல்டை மணிக்கு 150 பவுண்டு கட்டணத்தில் அமர்த்தியிருந்தார். ஆராய்ச்சிக்கென்று அரசின் சட்ட உதவி வாரியத்திலிருந்து 55,000 பவுண்டு தனி. கடைசியில் வேக்ஃபீல்டுக்குக் கிடைத்தது 4,35,643 பவுண்டு, செலவுகள் தவிர. ஏழைக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பதற்கான பொதுப்பணம் அது.

குழந்தைகள் வந்தது இந்த வழியில்தான். தடுப்பூசியால் பாதிப்பு என்று நம்பிய பெற்றோர் இயக்கத்தினர், வழக்கறிஞரோடு தொடர்பில் இருந்தவர்கள், ஒருவருக்கொருவர் போன் எண் கொடுத்துக்கொண்டவர்கள். லண்டன் மருத்துவமனை, ஆனால் லண்டன் குழந்தை ஒன்றுகூட இல்லை. ஒரு பையன் அமெரிக்காவிலிருந்து வந்தான். இப்போது அந்த '12இல் 8' என்ற எண்ணைத் திரும்பப் படியுங்கள். ஊசிமேல் சந்தேகம் உள்ளவர்களை வரவழைத்துவிட்டு, வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஊசிமேல் சந்தேகம் என்று எண்ணியிருக்கிறார்கள்.

1997 ஜூனில் வேக்ஃபீல்ட் பெயரில், தனித் தட்டம்மைத் தடுப்பு மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பமும் போயிருந்தது. மேடையில் 'தனித்தனியாகப் போடுங்கள்' என்று அவர் சொன்னதை இதோடு சேர்த்துப் படிக்கலாம். இதில் எதையும் லான்செட் வாசகர்களுக்கு அவர் சொல்லவில்லை. டீரின் செய்தி வந்த இரண்டு வாரத்துக்குள், கையெழுத்திட்ட 13 பேரில் 10 பேர் கட்டுரையின் விளக்கப் பகுதியிலிருந்து விலகிக்கொண்டார்கள்.

ஆர்.டி. என்ற இரண்டு எழுத்து

கட்டுரைக்குப் பின்னாலிருந்த கருதுகோள் இது: ஊசியிலுள்ள தட்டம்மைக் கிருமி குடலில் தங்கி, அழற்சி உண்டாக்கி, அங்கிருந்து மூளையைப் பாதிக்கிறது. அப்படியானால் குடல் திசுவில் கிருமி இருக்க வேண்டும். வேக்ஃபீல்டின் ஆய்வகத்திலேயே நிக் சாட்விக் என்ற ஆராய்ச்சி மாணவர் தேடினார். அவருக்குக் கிடைக்கவில்லை. அதை வேக்ஃபீல்டிடம் சொன்னதாகப் பின்னாளில் சாட்சி சொன்னார்.

அப்புறம் 2002இல் டப்ளினில் ஜான் ஓ'லியரியின் ஆய்வகம், 91 குழந்தைகளில் 75 பேரின் குடலில் தட்டம்மைக் கிருமியின் தடயம் இருப்பதாக வெளியிட்டது. பெற்றோருக்கு இதுதான் பெரிய நம்பிக்கையாக இருந்தது. அமெரிக்காவில் தடுப்பூசி இழப்பீட்டு நீதிமன்றத்தில் 5,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் வழக்குகளைச் சேர்த்து விசாரித்தபோது, மாதிரி வழக்கு இந்த ஆய்வக முடிவின்மேல் நின்றது.

அந்த ஆய்வகத்தை நேரில் போய்ச் சோதித்த ஸ்டீபன் பஸ்டின் 2007இல் சாட்சிக் கூண்டில் சொன்னதைப் புரிந்துகொள்ள நமக்குக் கஷ்டமில்லை. கொரோனாவில் ஆர்.டி.-பி.சி.ஆர். எடுக்காத வீடு ஏது? பி.சி.ஆர். கருவி டி.என்.ஏ.வை மட்டும்தான் பிரதியெடுக்கும். தட்டம்மைக் கிருமியில், கொரோனா போலவே, டி.என்.ஏ. கிடையாது, ஆர்.என்.ஏ. மட்டும்தான். அதனால் முதலில் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்ற வேண்டும். அந்தப் படிதான் 'ஆர்.டி.'. அதை விட்டுவிட்டால் கிருமி இருந்தாலும் கருவிக்குத் தெரியாது. டப்ளின் பதிவுகளில், அந்தப் படி விட்டுப்போன மாதிரிகளிலும் 'இருக்கிறது' என்று வந்திருந்தது. அப்படியென்றால் கருவி பார்த்தது தட்டம்மைக் கிருமியை இல்லை. ஆய்வகத்துக்குள்ளேயே எங்கிருந்தோ கலந்த டி.என்.ஏ.வைத்தான் பார்த்திருக்கிறது.

2008இல் மூன்று ஆய்வகங்கள், டப்ளின் ஆய்வகமும் சேர்ந்தே, எந்த மாதிரி யாருடையது என்று தெரியாமல் திரும்பச் சோதித்தன. குடல் கோளாறோடு ஆட்டிசம் உள்ள 25 குழந்தைகளுக்கும், குடல் கோளாறு மட்டும் உள்ள 13 குழந்தைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2009 பிப்ரவரியில் நீதிமன்றம் மாதிரி வழக்குகளைத் தள்ளுபடி செய்தது.

யாரும் வரவேண்டியிராத ஊர்

'எப்படி வந்தார்கள்' என்ற கேள்வியே எழாத ஓர் ஆய்வு வேண்டுமென்றால் டென்மார்க் போக வேண்டும். அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பதிவெண் உண்டு. ஊசியும் அந்த எண்ணில் ஏறும், மருத்துவர் உறுதிசெய்த ஆட்டிசமும் அதே எண்ணில் ஏறும். ஒரு தாய்க்குச் சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் குழந்தை கணக்கில் இருக்கும்.

1991 முதல் 1998 வரை பிறந்த 5,37,303 குழந்தைகளை அப்படிப் பார்த்தார்கள். 2002இல் முடிவு வந்தது. எம்.எம்.ஆர். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசம் வரும் வாய்ப்பில் வித்தியாசம் இல்லை. போட்டபோது என்ன வயது, போட்டு எத்தனை நாள் ஆனது, எதை வைத்துப் பார்த்தாலும் அப்படித்தான். 2019இல் இன்னொரு முறை 6,57,461 குழந்தைகள். இதில் 6,517 பேருக்கு ஆட்டிசம். முடிவு அதேதான். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருக்கும் குழந்தைகளைத் தனியாகப் பிரித்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2015இல் வந்த ஆய்விலும், அப்படிப்பட்ட 1,929 குழந்தைகளிடம் ஊசியால் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை. என் தங்கை கேட்டது சரியாக இந்தக் கேள்வியைத்தான்.

ஜப்பான் கதை வேறு மாதிரி. அங்கும் உராபே சிக்கலால் 1993இல் எம்.எம்.ஆர். ஊசியையே நிறுத்திவிட்டார்கள். யோகஹாமா நகரின் ஒரு பகுதியில் அதற்கு முன்னும் பின்னும் பிறந்த குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். ஊசி பூஜ்யத்துக்கு இறங்கியது. ஆட்டிசம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. எண்ணிக்கை ஏறியதற்கு, ஆட்டிசம் என்ற சொல்லின் எல்லை விரிந்ததும் மருத்துவர்கள் அதைத் தேடிப் பார்க்கக் கற்றுக்கொண்டதும் பெரும் காரணங்கள்.

பாதரசம் பற்றியும் கேட்பார்கள். தைமரோசல் என்ற பாதரசச் சேர்மம் உயிருள்ள கிருமி கொண்ட எம்.எம்.ஆர். ஊசியில் எப்போதுமே இருந்ததில்லை; இருந்தால் ஊசியிலுள்ள கிருமியே செத்துப்போகும். மற்ற ஊசிகளில் டென்மார்க் அதை 1992இலேயே நிறுத்தியது. ஆட்டிசம் குறையவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கருவிலேயே ரூபெல்லா தாக்கிய குழந்தைகளுக்கு ஆட்டிசம் வருவது நன்றாகப் பதிவான விஷயம். 1964இல் அமெரிக்காவில் ரூபெல்லா பெருவாரியாகப் பரவியது. அப்போது கருவில் பாதிக்கப்பட்டுப் பிறந்த 243 குழந்தைகளை நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர் ஆராய்ந்தார். 18 பேரிடம் முழுதாகவோ பகுதியாகவோ ஆட்டிசம் இருந்தது. எந்த ஊசியைக் கண்டு பயந்தார்களோ, ஆட்டிசத்துக்கு வழிவிடும் ஒரு காரணத்தை அதே ஊசிதான் அடைக்கிறது.

ஊசிக்குப் பக்கவிளைவே இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். போட்டு ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல் வரலாம். சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். தட்டணுக்கள் குறைவது அபூர்வமாக உண்டு. தங்கையிடம் இதை முன்கூட்டியே சொன்னேன். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. அன்று ராத்திரி மட்டும் எனக்கு மூன்று போன். "நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு, ஆனா பயமா இருக்கு." மறுநாள் சாயங்காலம் இறங்கிவிட்டது.

ஊசி போடாமல் விட்டவர்கள்

இங்கிலாந்தில் எம்.எம்.ஆர். போட்டுக்கொண்டவர்கள் 92 சதவீதத்தை ஒட்டி இருந்த நிலை, 2003-04இல் 80 சதவீதத்துக்கு வந்தது. தட்டம்மையைத் தடுத்துவைக்க 95 சதவீதம் வேண்டும். அது அவ்வளவு வேகமாகப் பரவும் நோய். 1998இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உறுதியான தட்டம்மை 56 பேருக்கு. 2008இல் அது 1,300ஐத் தாண்டியது.

வேல்ஸில் ஸ்வான்சி பகுதியில் 2012 கடைசியில் தொடங்கியது மறுவருடம் கோடைவரை நீடித்தது. 1,200 பேருக்கு மேல் பதிவு, 88 பேர் மருத்துவமனையில், 25 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அதிகம் அகப்பட்டது பத்து வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகள். அந்தப் பகுதியின் உள்ளூர்ப் பத்திரிகை லான்செட் கட்டுரைக்கு முன்பே, 1997இலேயே, எம்.எம்.ஆர். பயத்தைப் பெரிதாக எழுத ஆரம்பித்திருந்தது. அன்று தொட்டிலில் கிடந்தவர்கள்தான் 2013 வசந்தத்தில் ஊசிக்கு வரிசையில் நின்றார்கள்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் சோமாலிய மக்கள் கதை எனக்கு இதைவிட வருத்தம் தருவது. அகதிகளாக வந்தவர்கள், தட்டம்மையை ஊரில் கண்ணால் பார்த்தவர்கள். ஒரு காலத்தில் அவர்கள் பிள்ளைகள் 92 சதவீதம் பேர் எம்.எம்.ஆர். போட்டிருந்தார்கள். பிறகு தங்கள் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஆட்டிசம் இருப்பதாக அவர்களுக்குக் கவலை வந்தது. அந்தக் கவலைக்கு அதிகாரிகளிடமிருந்து விளக்கம் வரவில்லை. விளக்கத்தோடு வந்தவர்கள் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள். அமெரிக்காவுக்குக் குடிபோயிருந்த வேக்ஃபீல்டும் அங்கே போய்ப் பேசினார். 2014இல் 42 சதவீதம். 2017இல் மாநிலத்தில் 75 பேருக்குத் தட்டம்மை, பெரும்பாலும் அந்தக் குழந்தைகள்.

அதே 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் முகாம் நடந்தது. வாட்ஸ்ஆப்பில் விதவிதமான குரல் பதிவுகள் சுற்றின. பள்ளி வாசலில் பெற்றோர் வாக்குவாதம் செய்தார்கள். முகாமை மார்ச்சுக்கு நீட்டிக்க வேண்டி வந்தது. அன்று நர்சம்மாக்கள்தான் வீடு வீடாகப் போய் நின்று பேசினார்கள். எந்த விளம்பரத்தையும்விட அது எடுபட்டது என்பது என் கணிப்பு.

217 நாள் விசாரணை

பிரிட்டன் மருத்துவ கவுன்சில் 2007 ஜூலை முதல் 2010 மே வரை மொத்தம் 217 அமர்வு நாட்கள் விசாரணை நடத்தியது; குற்றச்சாட்டுகள் பற்றிய முடிவை 2010 ஜனவரி 28இல் சொன்னது. நேர்மையின்மை, பணத்தை மறைத்தது, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குத் தேவையில்லாத சோதனைகள் என்று வேக்ஃபீல்ட் மீது முப்பதுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் நிரூபணமானதாகக் கண்டது. ஐந்து நாள் கழித்து லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மே 24இல் அவர் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீங்கியது.

குற்றங்களில் ஒன்று பிறந்தநாள் விழாவைப் பற்றியது. தன் மகன் பிறந்தநாளுக்கு வந்த குழந்தைகளிடம், ஆளுக்கு ஐந்து பவுண்டு கொடுத்து ரத்தம் எடுத்திருக்கிறார். அதில் சில பிள்ளைகள் மயங்கி விழுந்ததை 1999இல் கலிபோர்னியாவில் ஒரு கூட்டத்தில் ஜோக்காகச் சொல்லி, கூட்டத்தைச் சிரிக்க வைத்த வீடியோ இருக்கிறது.

கூடவே நீக்கப்பட்ட மூத்த பேராசிரியர் ஜான் வாக்கர்-ஸ்மித், 2012இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். கவுன்சிலின் காரண காரியம் மேலோட்டமானது என்று நீதிபதி கண்டித்தார். இதைக் காட்டி 'வேக்ஃபீல்டும் நிரபராதி' என்று இன்றும் பகிர்கிறார்கள். வேக்ஃபீல்ட் தன் மேல்முறையீட்டை நடத்தவே இல்லை.

2011 ஜனவரியில் பி.எம்.ஜே. என்ற பிரிட்டன் மருத்துவ இதழில் டீர், 12 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்பது பேருக்குக் கற்றதை இழக்கும் வகை ஆட்டிசம் என்றது கட்டுரை. அதில் மூன்று பேருக்கு ஆட்டிசமே உறுதியாகவில்லை. எல்லோரும் முன்பு நன்றாக இருந்தார்கள் என்றது. ஐந்து பேருக்கு ஊசிக்கு முன்பே வளர்ச்சி பற்றிய கவலை பதிவாகியிருந்தது. மருத்துவமனையில் ஊசியைக் குறை சொன்ன குடும்பங்கள் உண்மையில் 11. கட்டுரையில் 8 ஆனதற்குக் காரணம், விடுபட்ட மூன்றில் அறிகுறி பல மாதம் கழித்து வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அவற்றையும் சேர்த்தால், ஊசி போட்ட '14 நாளுக்குள்' அறிகுறி வந்தது என்ற கோடு நிற்காது. ஆக, வாசலில் மட்டும் பொறுக்கவில்லை. உள்ளே வந்த பிறகும் பொறுக்கியிருக்கிறார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த பையன் கட்டுரையில் 11ஆம் குழந்தை. ஊசி போட்ட ஒரு வாரத்தில், 15 மாத வயதில் மாற்றம் என்கிறது அட்டவணை. மருத்துவமனையின் சொந்தக் குறிப்பில் அறிகுறி தொடங்கியது 13 மாதத்தில். அவன் அப்பா ஒரு பொறியாளர். டீர் அந்த அட்டவணையைக் காட்டியபோது அவர் வரி வரியாகப் படித்தார். தன் மகன் உண்மையிலேயே அந்த 11ஆம் குழந்தை என்றால், லான்செட் கட்டுரை முழுக்கப் புனைவு என்று எழுதிக் கொடுத்தார்.